காலையில் கார் கிளம்ப மறுக்கிறதா?

விடிந்தால் ரெயில். பெட்டி ஏறிவிட்டது, குழந்தைகளும் ஏறிவிட்டார்கள். சாவியைத் திருப்புகிறீர்கள். "டக், டக்" என்ற சத்தம்தான் வருகிறது. கார் கிளம்பவில்லை!

இரவுக் குளிரில் பாட்டரியின் சக்தி குறையும். என்ஜின் ஆயிலும் கெட்டிப்படும். ஊட்டிக்காரர்களுக்கு இது பழகிய கதை.

சாவியை விடாமல் திருப்பாதீர்கள். மிச்சம் இருக்கும் சக்தியும் போய்விடும். 10 விநாடி திருப்பினால், அரை நிமிடமாவது பொறுங்கள்.

முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் ஒரேயடியாக மங்குகிறதா? மின்சாரம் போதவில்லை. அதற்காக உடனே புது பாட்டரி வாங்க ஓடவேண்டாம்! பாட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், பல சமயம் குற்றவாளி அதுதான்.

சாவியை எடுத்துவிடுங்கள். முதலில் மைனஸ் வயர், பிறகு பிளஸ் வயர் என்று கழற்றுங்கள். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் பிரஷால் தேயுங்கள். பாட்டரிக்குள் நீர் போகக்கூடாது. துடைத்து, பிளஸ் வயரை முதலில் மாட்டி இறுக்குங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது! பாட்டரியில் இருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும்.

மோட்டார் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லையா? பாட்டரி மேல் பழி போடாதீர்கள். பெட்ரோல் வரவில்லை, அல்லது பிளக்கில் பொறி இல்லை. மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பும் முன்பு பெட்ரோல் முள்ளை ஒருமுறை பாருங்கள்.