அலைகளுக்கு அடியில் அஞ்சாமை

நுழையும்முன்

போர் என்றதும் படைபலமும் ஆயுதப் பெருக்கமுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஆறு மனிதர்கள் ஒரே இரவில் ஒரு கடற்பகுதியின் வலிமை நிலையை மாற்றிய நிகழ்வும் வரலாற்றில் உண்டு. இரண்டாம் உலகப்போரில் இத்தாலிய நீர்மூழ்கி வீரர்கள் ஆற்றிய அச்செயலையும், கடமைக்கும் மனிதநேயத்துக்கும் இடையில் அவர்களுள் ஒருவர் நின்ற தருணத்தையும் விளக்குவது இப்பாடம்.

'பன்றி' என்னும் ஊர்தி

1918ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், முதல் உலகப்போரின் இறுதிக்கட்டத்தில், இத்தாலியர் இருவர் போலா துறைமுகத்துக்குள் நீந்தி நுழைந்து 'விரிபுஸ் உனிதிஸ்' என்னும் பெரும் போர்க்கப்பலை மூழ்கடித்தனர். அச்செயலைப் பின்பற்றி, 1930களில் தெசேயோ தெசேய், எலியோஸ் தோஸ்கி என்னும் இளம் பொறியாளர்கள் புதிய ஊர்தி ஒன்றை வடிவமைத்தனர். ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளமுடைய அந்த டார்பிடோவின்மீது இருவர் குதிரையேறுவதுபோல் அமர்ந்து செல்வர். மின்விசையால் இயங்கிய அது, மணிக்கு ஐந்து கிலோமீட்டர் அளவே விரைந்தது. அதனைக் கட்டுப்படுத்துதல் அரிதாக இருந்தமையால் வீரர்கள் அதற்குப் 'பன்றி' எனப் பெயரிட்டனர்.

ஊர்தியின் முனையில் வெடிமருந்து நிரப்பிய பகுதி தனியே கழற்றக்கூடியதாக இருந்தது. அதனைப் பகைவர் கப்பலின் அடியில் கட்டித் தொங்கவிட்டு, வெடிக்கும் நேரத்தைக் குறித்துவிட்டுத் திரும்புவதே திட்டம். வீரர்கள் தூய உயிர்வளியைச் சுவாசித்தனர். வெளிவிடும் மூச்சிலுள்ள கரிவளியை வேதிப்பொருள் ஈர்த்துக்கொண்டதால், நீர்மட்டத்தில் குமிழிகள் தோன்றவில்லை. பகைவர் கண்ணுக்குத் தப்ப உதவிய அதே முறை, உயிருக்கும் ஊறு விளைவிக்கக்கூடியதாக இருந்தது. ஆழம் மிகுந்தால் தூய உயிர்வளியே நஞ்சாகி, வலிப்பையும் மயக்கத்தையும் உண்டாக்கும்.

தோல்விகளின் ஊடே

தொடக்க முயற்சிகள் பல தோல்வியுற்றன. வீரர்களை ஏற்றிச்சென்ற நீர்மூழ்கிக் கப்பல்கள் இரண்டு 1940இல் அழிக்கப்பட்டன. தோஸ்கி சிறைப்பட்டார். 1941 ஜூலையில் மால்டா தாக்குதலில் தெசேய் உயிர்துறந்தார். எனினும் பயிற்சி தொடர்ந்தது.

அலெக்சாந்திரியாவில் ஓர் இரவு

1941 டிசம்பர் 18ஆம் நாள் இரவு, எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகத்துக்கு வெளியே 'ஷிரே' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூன்று ஊர்திகளையும் ஆறு வீரர்களையும் கடலில் விடுத்தது. துறைமுக வாயிலை எஃகு வலை காத்து நின்றது. பிரித்தானிய நாசகாரிக் கப்பல்கள் உள்ளே நுழைவதற்காக அவ்வலை திறக்கப்பட்டபோது, வீரர்களும் அவற்றோடு உள்ளே புகுந்தனர்.

லூயிஜி துராண்ட் தெ லா பென்னே, எமிலியோ பியாங்கி ஆகிய இருவருக்கும் 'வேலியண்ட்' என்னும் போர்க்கப்பல் இலக்காக அமைந்தது. குளிர்நீர் தெ லா பென்னேயின் உடைக்குள் புகுந்தது. ஊர்தி பழுதுற்று அடிமணலில் அமர்ந்தது. பியாங்கி மூச்சுக்கருவி கோளாறினால் மேலே வர நேர்ந்தது. தனியராய் நின்ற தெ லா பென்னே, கலங்கிய சேற்றினூடே அவ்வூர்தியைச் சிறிது சிறிதாக இழுத்துச்சென்று கப்பலின் அடியில் சேர்த்து, வெடிக்கும் நேரத்தைக் குறித்தார். மேலே வந்த இருவரும் பிடிபட்டனர்.

இறுதி நிமிடங்கள்

வினவியபோது இருவரும் வாய் திறக்கவில்லை. கப்பலின் கீழறையில், வெடிமருந்துக்கு அருகிலேயே அவர்கள் அடைக்கப்பட்டனர். வெடிப்பதற்குச் சில நிமிடங்களே இருந்தபோது, தெ லா பென்னே கப்பல் தலைவர் சார்லஸ் மார்கனைக் காண வேண்டினார். கப்பல் விரைவில் வெடிக்கும் என்பதை மட்டும் அறிவித்தார். வெடிமருந்து வைத்த இடத்தைச் சொல்ல மறுத்தார். மாலுமிகளை மேல்தளத்துக்கு அனுப்பிய மார்கன், அவரை மீண்டும் கீழறைக்கே அனுப்பினார். அவர் தம் நாட்டுக்குரிய கடமையை விட்டுக்கொடுக்கவில்லை. பகைவர் உயிர்களும் வீணே மாய்வதை விரும்பவில்லை.

விடியற்காலையில் வெடி வெடித்தது. சிறைப்பட்ட இருவரும் உயிர்தப்பினர். மற்றோர் இணை தாக்கிய 'ராணி எலிசபெத்' போர்க்கப்பலும் கடலடியில் தங்கியது. அதில் மாலுமிகள் சிலர் உயிரிழந்தனர். மூன்றாம் இணையின் தாக்குதலில் எண்ணெய்க் கப்பல் ஒன்றும் அதனருகில் நின்ற நாசகாரிக் கப்பலும் சேதமுற்றன. துறைமுகம் ஆழம் குறைந்ததாதலால் பெருங்கப்பல்கள் நேராகவே நின்றன. அவற்றில் வழக்கமான பணிகள் நடப்பதுபோல் காட்டி, பிரித்தானியர் தம் இழப்பை மறைத்தனர். ராணி எலிசபெத் பணிக்குத் திரும்ப ஓராண்டுக்கு மேலாயிற்று. ஆறு வீரர்களும் போர்க்கைதிகளாயினர்.

மரபும் மதிப்பீடும்

பிரித்தானியக் கடற்படை இவ்வூர்தியைப் பின்பற்றித் தானும் ஒன்றை உருவாக்கியது. 1943 செப்டம்பரில் இத்தாலி நேசநாடுகளுடன் போர்நிறுத்தம் செய்தபின், தெ லா பென்னே நேசநாடுகளின் பக்கம் நின்று போரிட்டார். 1945 மார்ச்சில் அவருக்கு இத்தாலியின் வீரத் தங்கப்பதக்கம் வழங்கப்பட்டபோது, இளவரசர் உம்பர்த்தோவின் அழைப்பை ஏற்று, அதனை அவர் மார்பில் அணிவித்தவர் மார்கனே ஆவார். தம் கப்பலைத் தகர்த்தவரின் வீரத்தை அவர் தம் கையாலேயே சிறப்பித்தார்.

இம்மரபின் மறுபக்கத்தையும் வரலாறு மறைக்கவில்லை. இவ்வீரர்கள் அன்று பணியாற்றியது பாசிச அரசுக்கு. ஷிரேயைச் செலுத்திய போர்கேசேயின் தலைமையில் அப்படையின் ஒரு பகுதி, 1943க்குப் பின் ஜெர்மானியருடன் நின்று, தம் நாட்டின் விடுதலைப் போராளிகளைக் கொடுமையாக ஒடுக்கியது. எனவே, துணிவு ஒன்றே ஒரு செயலை உயர்த்திவிடாது. எதற்காக, எந்த வரம்புக்குள் அது காட்டப்படுகிறது என்பதும் எண்ணத்தக்கது. அலெக்சாந்திரியாவில் எதிரெதிர் நின்ற இருவரும் போரின் நடுவிலும் பகைவரை மனிதராகக் கண்டனர். அவ்விரவின் வெற்றியைவிட, அப்பண்பே நெடிது நினைக்கத்தக்கது.