கோல நோட்டும் பொங்கல் கணக்கும்



மார்கழி பிறந்துவிட்டால் மரக்காணம் பக்கத்தில் இரண்டு விஷயம் சேர்ந்தே வரும். கோல நோட்டு வீட்டுக்கு வீடு கை மாறும். கூடவே, பொங்கல் செலவுக்கு என்ன செய்யறது என்ற கவலையும் வரும்.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளப் பாத்தியெல்லாம் தண்ணீரில் கிடக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும் நம் உப்பளங்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்து, சேறு எடுத்து, பாத்தியை மிதித்துச் சரி செய்து, புது உப்பு வார மாசி ஆகிவிடும். பொங்கலோ தை முதல் நாளே வந்துவிடுகிறது. கையில் காசு இல்லாத நேரத்தில் வருகிற பண்டிகை. அதனால்தான் பலர் வட்டிக்கு வாங்கியோ, முன்பணம் வாங்கியோ பானை வைக்கிறோம்.

இதற்கு ஒரு வழி நம் கோல நோட்டிலேயே இருக்கிறது. புள்ளியை எண்ணி வைத்த பிறகுதான் கோடு இழுக்கிறோம். பொங்கலையும் அப்படிச் செய்தால் என்ன? ஒரே நோட்டு போதும். முன்பக்கம் கோலம், பின்பக்கம் பொங்கல் கணக்கு.

முன்பக்கம்: கோலம்

பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டு இதற்கு நல்லது. கட்டம் கூடும் இடத்தில் புள்ளி வைத்தால் வரிசை கோணாது. முதலில் பென்சிலால் போட்டுப் பார்த்து, சரியாக வந்ததும் பேனாவால் மேலே எழுதுங்கள். மைப்பேனா வேண்டாம். நம் ஊர் ஈரக் காற்றில் மை ஊறிப் பரவும். பால்பாயிண்ட் பேனா போதும். நோட்டைப் பிளாஸ்டிக் பையில் வையுங்கள். ஒவ்வொரு கோலத்தின் கீழும் புள்ளிக் கணக்கை எழுதுங்கள். உதாரணமாக, ‘நேர்ப்புள்ளி 7, 5, 3, 1’ என்றால் நடுவில் 7, மேலும் கீழும் 5, 3, 1. மொத்தம் 25 புள்ளி.

சிக்குக் கோலம் வராது என்று சொல்பவர்கள் சின்னதாக ஆரம்பிக்கலாம். அகலத்தில் 2, நீளத்தில் 3 என்று 6 புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளி இரண்டுக்கும் நடுவில் கோடு சாய்வாகப் போக வேண்டும். ஓரம் வந்ததும் ஓரப் புள்ளியைச் சுற்றி வளைந்து திரும்ப வேண்டும். கை எடுக்காமல் போனால் தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். ஒரே கோடு!

இப்போது 3க்கு 3 வைத்துப் போடுங்கள். மூன்று தனித்தனிக் கோடு வரும். 3க்கு 4 வைத்தால் மறுபடி ஒரே கோடு. 4க்கு 6 வைத்தால் இரண்டு. இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கும் பெரிய எண் எதுவோ, அத்தனை கோடு. பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொதுக் காரணி என்று நம் பிள்ளைகள் படிப்பது இதுதான்.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிரிதிவாசனுடன் சேர்ந்து 1974இல் கோலத்தை வைத்தே ஒரு கணித ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டு சொக்வே மக்களும் மணலில் புள்ளி வைத்து, சுற்றிக் கோடு இழுப்பார்கள். அதற்கு ‘சோனா’ என்று பெயர். அங்கே வரைவது ஆண்கள். ஆகவே, ‘நான் படிக்காதவ, எனக்குக் கணக்கு வராது’ என்று இனி கூட்டத்தில் சொல்லாதீர்கள். வாசலில் தினமும் போடுவது கணக்குதான்.

பின்பக்கம்: பொங்கல்

5 பேர் உள்ள வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் அளவு இது:

பச்சரிசி கால் கிலோ, பாசிப்பருப்பு 60 கிராம், வெல்லம் 400 கிராம், நெய் 50 கிராம், முந்திரி 20 கிராம், ஏலக்காய் 4, பால் ஒரு டம்ளர்.

பால் கலந்த தண்ணீரைப் பானைக் கழுத்து வரை ஊற்றுங்கள். பொங்கி வழிந்ததும், கூடுதல் தண்ணீரை மொண்டு தனியே வைத்துவிட்டு அரிசி, பருப்பைப் போடுங்கள். தேவைப்பட்டால் அந்தத் தண்ணீரையே சேர்க்கலாம். அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லம். முன்னாலேயே போட்டால் அரிசி வேகாமல் நின்றுவிடும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றினால் மண் கடிபடாது.

காய்க் குழம்புக்கு மொச்சையை முதலில் வேக வையுங்கள். பிறகு பரங்கி, அவரை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி என்று அன்று எது மலிவோ அது. எல்லாம் வெந்த பிறகே புளி ஊற்றணும். புளிப்பு முன்னால் சேர்ந்தால் காய் இறுகும்.

உப்பு நம் ஊர் உப்பாயிற்றே என்று பாத்தி உப்பையே போடுகிறோம். அதில் உடம்புக்குப் போதுமான அயோடின் கிடையாது. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அது அவசியம். சமையலுக்கு அயோடின் உப்பு வாங்கி, மூடி வைத்து, கடைசியில் சேருங்கள்.

கணக்கு போடுவது எப்படி?

1. மேலே சொன்ன பொருள்களோடு கரும்பு, மஞ்சள்கொத்து, துணி எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள்.

2. எதிரில் உங்கள் கடை விலையை எழுதுங்கள். ரேஷனில் அந்த வருஷம் பொங்கலுக்கு என்ன கொடுக்கிறார்களோ அதைக் கழித்துவிடுங்கள்.

3. மீதித் தொகைக்கு வழி பாருங்கள். 3,000 ரூபாயை நூற்றுக்கு 5 வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாதம் 150. பத்து மாதத்தில் 1,500 ரூபாய் வட்டிக்கே போகும். அசல் அப்படியே நிற்கும். குழுவில் நூற்றுக்கு 1 வட்டி என்றால் மாதம் 30, பத்து மாதத்துக்கு 300. அசலைத் தவணையாகக் கட்டினால் அதுவும் குறையும். வட்டியும் நம் குழுவிலேயே தங்கும்.

4. கடனே வேண்டாம் என்றால், உப்பு வாரும் நாளிலேயே ஆரம்பிக்க வேண்டும். மாசி முதல் புரட்டாசிக்குள் 30 வாரம், வாரம் 50 ரூபாய் போட்டால் 1,500 ரூபாய் சேரும். இதைச் சந்தாவோடு கலக்காமல் ‘பொங்கல் சேமிப்பு’ என்று தனியாகப் பதிவு செய்யுங்கள்.

நாலு குடும்பம் சேர்ந்து வெல்லம், நெய், முந்திரியை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும்.

இந்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் நோட்டைக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுங்கள். கோலத்தை அந்த அக்காவிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கோலம், ஒரு பக்கம் கணக்கு. இரண்டையும் கூட்டத்தில் எல்லோரும் பார்ப்போம். தை பிறக்கும்போது வாசலில் கோலம் இருக்கட்டும், வாசலில் கடன்காரர் நிற்க வேண்டாம்.