'நல்லெண்ணெய்' என்னும் சொல்லும் குடல்நலத் தமிழாக்கமும்

மிகுகொழுப்பு உணவில் தாவர எண்ணெய்கள் குடலுக்கு விளைவிக்கும் மாற்றங்கள் குறித்த ஆங்கில ஆய்வுகள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. அவற்றைப் பொதுமக்களுக்கான துண்டறிக்கைகளாகத் தமிழில் தர முற்படுவோருக்கு, கலைச்சொற்களைக் காட்டிலும் 'எண்ணெய்' என்னும் எளிய சொல்லே மிகுந்த இடர் தருகிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் அருகருகே வழங்கும் கோலார் தங்கவயலில் இவ்விடரின் முழு அளவையும் காணலாம். சுரங்க வேலைக்கென வட ஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து குடியேறியோரின் வழிவந்த தமிழர், 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் அங்கு வாழ்கின்றனர்.

எள் + நெய் என்பதே எண்ணெய் ஆயிற்று. பழந்தமிழில் 'நெய்' பொதுச்சொல், 'எண்ணெய்' சிறப்புச்சொல். பின்னர் நெய்யின் பொருள் சுருங்க, எண்ணெயின் பொருள் விரிந்தது. இன்று மண்ணெண்ணெயில் எள்ளைத் தேடுவார் எவருமிலர். தன் பெயரைப் பிறவற்றுக்கு ஈந்துவிட்ட எள்ளின் எண்ணெய்க்கு 'நல்லெண்ணெய்' என்னும் புதுப்பெயர் தேவைப்பட்டது. கன்னடம் அதனை 'ஒள்ளெண்ணெ' என்கிறது. தெலுங்கு 'மஞ்சி நூனெ' என்கிறது. இரண்டின் பொருளும் 'நல்ல எண்ணெய்' என்பதே. 'நூனெ' என்பதும் எள்ளைக் குறிக்கும் 'நுவ்வு' என்பதோடு தொடர்புடையதாகும்.

இந்நிலையில், 'சமையலுக்கு நல்ல எண்ணெய் பயன்படுத்துக' என்னும் தொடரை உரக்கப் படித்துக்காட்டினால் கேட்போர் எள்ளெண்ணெயையே கருதுவர். பேச்சில் 'நல்ல' என்பதன் ஈற்று அகரம் கெட்டு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தங்கவயலில் மொழியை மாற்றிச் சொல்லியும் இதிலிருந்து தப்ப இயலாது.

'தாவர எண்ணெய்' எனப் பெயர்ப்பதும் முழுத் தீர்வன்று. ('காய்கறி எண்ணெய்' எனப் பெயர்ப்போரும் உளர், அது பிழை.) தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடும் பனையெண்ணெயில், அதாவது பாமாயிலில், ஏறத்தாழப் பாதியும் நிறைவுற்ற கொழுப்பமிலங்களே, எள்ளெண்ணெயில் இவ்வளவு ஏறத்தாழ 15 விழுக்காடு மட்டுமே. மூன்றும் தாவர எண்ணெய்களே எனினும் குடலில் அவற்றின் விளைவு ஒன்றாக இருக்க வேண்டுவதில்லை. கொழுப்பு மிகுந்தால் பித்தநீர் மிகுதியாகச் சுரக்கிறது. சிறுகுடலில் உறிஞ்சப்படாத கொழுப்பும் பித்த அமிலங்களும் பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களின் கூட்டமைப்பை மாற்றுகின்றன. குடற்சுவரின் தடுப்பாற்றல் குறையின் நுண்ணுயிர்களின் நச்சுக்கூறுகள் குருதியில் கலக்கவும் கூடும். இம்முடிவுகளிற் பெரும்பாலானவை எலிகளிடம் பெறப்பட்டவை. 'எலிகளில்' என்னும் அச்சொல்லைத் துண்டறிக்கையில் விட்டுவிடுவது மொழிபெயர்ப்புப் பிழையே எனலாம்.

'நிறைவுற்ற' என்பதும் நோக்கத்தக்கது. வேதியியலார்க்கு அது பொருத்தமான சொல். பொதுவழக்கிலோ 'நிறைவு' உயர்பொருள் தருவது. எச்சரிக்கையாகச் சொல்லப்படுவது பரிந்துரையாகக் கேட்கக்கூடும். 'பூரிதக் கொழுப்பு' என்னும் வழக்கு விளங்காது போகலாம். ஆயின் தவறாக விளங்காது. விளங்காச் சொல்லை வாசகர் பிறரிடம் கேட்டறிவர். தவறாக விளங்கிய சொல்லை எவரும் கேட்பதில்லை.

ஆகவே துண்டறிக்கைகளில் 'நல்ல', 'தீய' என்னும் அடைகளை நீக்கி, வித்தின் பெயரையும் அளவையும் கூறுவதே தக்கது: எள்ளெண்ணெய், வேர்க்கடலை எண்ணெய், நாளொன்றுக்கு இத்தனை தேக்கரண்டி. 'வேர்க்கடலை' என்பதற்கு நேரான 'வேருசெனக' தெலுங்கிலும் உண்டு. கன்னடத்தின் 'கடலெகாயி'யும் கடலையின் பெயரால் அமைந்ததே. ஆதலின் இப்பெயர் மும்மொழியாளர்க்கும் எளிதில் விளங்கும்.