மூன்று சக்கர ஸ்ட்ரோலர்: வாங்கும் முன்பும், உடைந்த பின்பும்

கடையில் ஸ்ட்ரோலர் கேட்டால் விற்பனையாளர் முதலில் செய்து காட்டுவது மடிப்பைத்தான். ஒரு கையால் பொத்தானை அழுத்துவார். வண்டி சட்டென்று ஒடுங்கித் தோள்பை அளவுக்கு வந்துவிடும். இரண்டாம் மாடியில் லிஃப்ட் இல்லாத வீடு, ஏற்கெனவே பைகள் நிரம்பிய கார் டிக்கி, நகர இடமில்லாத இரயில் பெட்டி என்று பழகியவர்களுக்கு அதைப் பார்த்ததுமே மனம் சாய்ந்துவிடும். அடுத்து ஒற்றை விரலால் தள்ளி, முன்னால் இருக்கும் ஒற்றைச் சக்கரம் எப்படி வளைந்து கொடுக்கிறது என்று காட்டுவார். பில் போட்டுவிடுவோம்.

அவர் காட்டிய அந்த இரண்டு இடங்களைத்தான் நாம் இன்னொரு முறை குனிந்து பார்த்திருக்க வேண்டும். உலக அளவில் பேசப்பட்ட ஸ்ட்ரோலர் விபத்துகளைப் புரட்டினால், மடியும் கீலும் முன்சக்கரம் மாட்டும் இடமும் திரும்பத் திரும்ப வருகின்றன. வண்டியைச் சிறிதாக்குவது கீல். லாகவமாக ஓட வைப்பது முன்சக்கரம். விலை கொடுப்பதும் இவற்றுக்காகத்தான், ஆபத்து குடியிருப்பதும் இங்கேதான்.

குடைபோல் மடியும் ஸ்ட்ரோலரை 1965-ல் வடிவமைத்தவர் ஓவன் மக்ளாரன் என்ற பிரிட்டிஷ் விமானப் பொறியாளர். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 2009 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் பத்து இலட்சம் வண்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க நேர்ந்தது. வண்டியை விரிக்கும்போது கீலில் சிக்கிப் பன்னிரண்டு குழந்தைகளின் விரல் நுனி துண்டாகியிருந்தது. தரப்பட்ட தீர்வு, கீலை மறைக்கும் ஒரு துணி மூடி. பிரிட்டனில் அந்த அறிவிப்புகூட வரவில்லை. பெற்றோரின் எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் கேட்டவர்களுக்கு மூடி தருவதாக நிறுவனம் சொன்னது. ஒரே வண்டி, ஒரே கீல். ஆனால் எந்த நாட்டில் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்துப் பாதுகாப்பு மாறியது. 2014-ல் கிராகோ நிறுவனம் ஏறக்குறைய ஐம்பது இலட்சம் வண்டிகளை இதே விரல் ஆபத்துக்காகத் திரும்ப அழைத்தது. இவை மூன்று சக்கர வண்டிகள் அல்ல. ஆனால் எத்தனை சக்கரம் இருந்தாலும் கீல் கீல்தான். மூன்றாக மடிந்து பைக்குள் போகும் வண்டியில் கீல்களின் எண்ணிக்கை இன்னும் கூடுதல்.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக் குழந்தையின் விரல் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான். பாதி மடித்த வண்டியில் இரண்டு குழாய்கள் நெருங்கும் இடத்தில் அதை வைத்து மெதுவாக விரியுங்கள். பென்சில் நசுங்கினாலோ, அதில் தடம் விழுந்தாலோ, அந்த இடம் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கைக்கு எட்டுமா என்று பாருங்கள். எட்டுமானால் வேறு வண்டி பார்ப்பது நல்லது. விரித்த பிறகு ‘டக்’ என்று லாக் விழுந்த ஓசை கேட்க வேண்டும். அதன் பின்பும் கைப்பிடியை மேலே இழுத்து, கீழே அழுத்திப் பாருங்கள். ஒரு லாக் தவறினாலும் இன்னொன்று பிடித்து நிறுத்தும்படி இரண்டு லாக் இருப்பதே முறை. விற்பனையாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இனி முன்சக்கரம். ஓடிக்கொண்டே தள்ளும் மூன்று சக்கர வண்டியை 1984-ல் அமெரிக்காவில் ஃபில் பேக்லர் பிரபலமாக்கினார். அந்த வம்சத்தில் வந்தது ‘பாப்’ என்ற வண்டி. சைக்கிளில் இருப்பதுபோல ஒரு நெம்புகோலைத் திருப்பினால் முன்சக்கரம் கழன்றுவரும். 2018 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அதன் தயாரிப்பு நிறுவனமான பிரிட்டாக்ஸ் மீது நடவடிக்கை தொடுத்தது. ஓட்டத்தில் முன்சக்கரம் கழன்று வண்டி குப்புறக் கவிழ்ந்ததாக 2012 முதல் இருநூறு அளவில் புகார்கள். காயம்பட்ட குழந்தைகள் குறைந்தது ஐம்பது பேர். வண்டியில் குறையில்லை, சொன்னபடி பூட்டினால் கழலாது என்பது நிறுவனத்தின் வாதம். அந்த ஆண்டு நவம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. மாற்று அச்சாணியோ புதிய வண்டிக்குத் தள்ளுபடியோ தருவது, சரியாகப் பூட்டுவது எப்படி என்று வீடியோ வெளியிடுவது என்பதே ஏற்பாடு. முழுமையான திரும்பப் பெறுதல் இல்லை. என்னைக் கேட்டால், தூக்கக் கலக்கத்தில் அவசரமாக மாட்டும் ஒரு தாயோ தாத்தாவோ தவறாகப் பூட்ட முடிகிற சக்கரம், தவறாக வடிவமைக்கப்பட்ட சக்கரம்தான்.

ஆகவே முன்சக்கரம் தனியே கழலும் வண்டியானால், மாட்டிய பிறகு முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இதைச் செய்ய வேண்டியிருக்கும். பின்சக்கரத்தில் ஓட்டை போட்ட டிஸ்க் பிரேக் இருந்தால் அதையும் கவனியுங்கள்: 2022-ல் அப்பாபேபி நிறுவனத்தின் மூன்று சக்கர வண்டி ஒன்று, அந்த ஓட்டையில் ஒரு குழந்தையின் விரல் நுனி துண்டானதால் திரும்பப் பெறப்பட்டது.

மூன்று சக்கரத்துக்கு உண்மையான ஒரு நன்மை உண்டு. மேடுபள்ளத்திலும் மூன்றும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும். நான்கில் ஒன்று எப்போதும் ஆடும். ஆனால் தரையில் அது வரைவது முக்கோணம், முன்னால் போகப்போகக் குறுகுவது. குழந்தையும் வண்டியும் சேர்ந்த பாரம் அந்த முக்கோணத்துக்கு வெளியே சாய்ந்தால் கவிழும். வளைவில் வேகமாகத் திரும்பும் ஆட்டோவில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழந்தை முன்பக்கமாகக் குனிந்து, பக்கத்தில் போகும் பூனையைப் பிடிக்கக் கை நீட்டும் நொடிதான் மோசமானது. பெரிய காற்றுச் சக்கரமும் அகன்ற பின் அச்சும் இதை ஓரளவு ஈடுகட்டும். கம்பாக்ட் வண்டியில் மடிப்பதற்காக இரண்டையும் சுருக்கிவிடுகிறார்கள். சென்னை நடைபாதையில் மழைநீர் வடிகால் மூடிகளுக்கு இடையே உள்ள இடுக்கில் இத்தகைய சிறு சக்கரம் இறங்கி நின்றுவிடும். தள்ளுபவரின் வேகம் நிற்காது. நம் தெருக்களில் நாள்தோறும் தள்ளப்போகிறவர்களுக்கு, கையளவு சக்கரம் கொண்ட மிகச் சிறிய வண்டியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். விமான நிலையம், மால், அடுக்குமாடி வளாகம் என்றால் சரி.

கைப்பிடியில் காய்கறிப் பை மாட்டும் பழக்கம் இன்னொரு வினை. வண்டி இலேசாக இருக்கும். குழந்தையை இறக்கிய மறுகணம் பையின் எடையில் பின்பக்கமாகச் சாயும். குழந்தை உள்ளே இருக்கும்போது சாய்ந்தால் தலைதான் முதலில் தரையைத் தொடும். பைக்குச் சீட்டின் அடியில் உள்ள கூடை போதும். பிரேக்கை ஷோரூம் டைல்ஸில் சோதிக்காதீர்கள், அங்கே எல்லாம் நிற்கும். கடை வாசலில் வீல்சேருக்கான சரிவு இருந்தால் அங்கே குழந்தையை உட்கார வைத்து, பிரேக் போட்டு, கைப்பிடியிலிருந்து கையை ஓர் அங்குலம் மட்டும் விலக்கிப் பாருங்கள்.

பெல்ட் விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் பெரிது. ‘பக்கத்துத் தெருதானே’ என்று விட்டுவிடுகிறோம். 2010-ல் கிராகோ இருபது இலட்சம் அளவுக்கு வண்டிகளைத் திரும்ப அழைத்ததன் பின்னணி நான்கு கைக்குழந்தைகளின் மரணம். பெல்ட் போடாத குழந்தை தூக்கத்தில் கீழே சறுக்கி, முன்தட்டுக்கும் சீட்டுக்கும் இடையிலான இடைவெளியில் கழுத்து மாட்டிக்கொண்டது. தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து முனை பெல்ட் இருக்கும் வண்டியையே வாங்குங்கள். தூங்கினாலும் கழற்ற வேண்டாம். தலை நிற்காத பச்சிளம் குழந்தைக்கு முழுதாகப் படுக்கை நிலைக்கு வரும் சீட்தான் வேண்டும். பல கம்பாக்ட் வண்டிகள் அவ்வளவு தூரம் சாய்வதில்லை. ‘பிறந்த நாள் முதல்’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும் சாய்த்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

வெயிலுக்காகத் துப்பட்டாவை வண்டிமேல் போர்த்துகிறோமே, அதிலும் சிக்கல் உண்டு. உலர்ந்த மெல்லிய துணியால் மூடினால் உள்ளே வெப்பம் மூன்று டிகிரி அளவுக்குக் கூடுகிறது என்று சிட்னி பல்கலைக்கழக ஆய்வு 2023-ல் காட்டியது. ஈரத்துணியும் சிறு மின்விசிறியும் சேர்ந்தால் குறைகிறது. கடலோரப் புழுக்கத்தில் ஈரத்துணிக்கு அந்த அளவு பலன் கிடைக்காது. சாலைப்புகை இன்னொரு சிக்கல். ஸ்ட்ரோலரில் குழந்தை மூச்சிழுக்கும் உயரம் தரையிலிருந்து 55 முதல் 85 செ.மீ.; வாகனங்களின் புகைக்குழாய் அதற்குப் பக்கத்தில். பெரியவர்களைவிடக் குழந்தைக்கு 60 சதவீதம் வரை கூடுதல் மாசு போகக்கூடும் என்று பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் குமார் குழுவினர் 2018-ல் எழுதினார்கள். சிக்னலில் நிற்கும்போது நாலடி பின்வாங்கி நிற்பதற்குச் செலவில்லை.

இதையெல்லாம் அரசு சோதித்துத்தானே விற்க விடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் அந்த ஆணை பேசுவது விளையாட்டுப் பொருளைப் பற்றி. குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டியைப் பற்றி அல்ல. எனவே ஐரோப்பியத் தரமான இ.என். 1888, அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். எஃப் 833 ஆகியவற்றில் ஒன்று வண்டியிலோ கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இ.என். 1888-ன் முதல் பகுதி 15 கிலோ வரை, இரண்டாம் பகுதி 22 கிலோ வரை. பெட்டியின்மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, தயாரான மாதம், ஆண்டு, நாடு, புகார் எண் ஆகியவை இருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. இறக்குமதியாளர் முகவரியே இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பில்லை விடாதீர்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பலர் வாய்மூடித் திரும்புகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தர மறுப்பதும் அதே வகைதான். நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு இது உதவாது. லாக் விழவில்லை என்பதற்கு உதவும். இணையத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அதிலும் நகரவில்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண் இது; நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயலும், தீர்ப்புச் சொல்லாது. தீர்ப்பு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து இலட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக் கெடு மட்டும் உண்டு. விசாரணை சட்டம் சொன்ன மாதக்கணக்கில் முடியும் என்று நம்பி இருக்காதீர்கள், இழுக்கும்.

குழந்தைக்குக் காயம் பட்டிருந்தால் வழக்கின் தன்மையே வேறு. அப்போது கேட்பது வண்டியின் விலை அல்ல, சிகிச்சைச் செலவுக்கும் வேதனைக்குமான இழப்பீடு. தயாரித்தவர் யாரென்றே தெரியாத வண்டியானால் விற்றவரே பொறுப்பேற்க நேரிடும். பெயரில்லாத இறக்குமதி வண்டிகளுக்கு எதிராக நமக்கிருக்கும் நல்ல ஆயுதம் இது. எதிர்த்தரப்பின் ஆயுதமும் இதே சட்டத்தில் இருக்கிறது. விபத்தின்போது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ விற்றவர்மேல் வழக்கு நிற்காது. பக்கத்து சைக்கிள் கடையில் மாற்றிய போல்ட், கைப்பிடியில் தொங்கிய பை எல்லாம் அங்கே பேசும். ஒரே ரகத்தில் பலருக்கு இதே கோளாறு என்று தெரிந்தால் மாவட்ட ஆட்சியருக்கோ மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கோ எழுதுங்கள். சந்தையிலிருந்து பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் அந்த ஆணையத்துக்கு உண்டு. தர முத்திரையில்லாத பிரஷர் குக்கர்கள் விஷயத்தில் 2022-ல் அதைப் பயன்படுத்தியும் இருக்கிறது.

அக்கா வீட்டிலிருந்து வரும் பழைய வண்டிக்கும், யாரோ ஒருவர் செயலியில் விற்கும் வண்டிக்கும் இந்தப் பாதுகாப்பு அநேகமாகக் கிடைக்காது. மாடல் எண்ணை இணையத்தில் தேடி, எங்காவது திரும்பப் பெறப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள். வாடகைக்கு எடுத்தால் அது சேவை; சட்டம் பொருந்தும். வெளிநாட்டு விமானப் பயணத்தில் செக்-இன் லக்கேஜாகக் கொடுத்த வண்டி வளைந்து வந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே சேத அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்.

வண்டி எப்படி உடைந்திருந்தாலும், உடைந்த பாகத்தோடு அப்படியே ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போடுங்கள். குறை கண்ணுக்குத் தெரியாதபோது மாவட்ட ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும்; அனுப்பப் பொருள் இருக்க வேண்டும். ‘பழையதைக் கொடுங்க சார், புதுசு தந்துடறோம்’ என்று கடைக்காரர் ஆள் அனுப்பினால், கீலையும் சக்கரத்தையும் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, வரிசை எண்ணைக் குறித்து, என்ன கோளாறுக்காகத் திரும்பப் பெறுகிறோம் என்று அவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தபின் கொடுங்கள்.