தவணைக்குத் தெரிந்த வட்டி

2022 மே 4. நிதிக்கொள்கைக் குழு கூடுவதாக முன்கூட்டி எந்த அறிவிப்பும் இல்லை. அன்று பிற்பகல் ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ் திடீரென்று பேசினார்: வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் குறுகியகாலக் கடனுக்கான வட்டி, அதாவது ரெப்போ விகிதம், 4 சதவிகிதத்திலிருந்து 4.40 ஆகிறது. இரண்டு ஆண்டுகளாக அசையாமல் கிடந்த விகிதம் அது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. 2023 பிப்ரவரிக்குள் 6.50-க்கு ஏறிவிட்டது. ஒன்பதே மாதத்தில் இரண்டரை சதவிகிதப் புள்ளிகள்.

முன்பெல்லாம் இப்படி ஏறினாலும் இறங்கினாலும் வீட்டுக்கடன்காரர் காதுக்குச் செய்தி வந்துசேர மாதங்கள் ஆகும். 2019 அக்டோபரில் விதி மாறியது. வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டிவிட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்த வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. நல்ல நோக்கம்தான். வட்டி இறங்கும்போது வங்கிகள் பலனைத் தங்களிடமே வைத்துக்கொள்கின்றன என்ற புகாருக்கு அது மருந்து. ஏறும்போதும் அதே வேகத்தில் ஏறும் என்பது 2022-ல்தான் பலருக்கு உறைத்தது.

பொருளாதாரம் படித்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். வங்கி சொல்லும் வட்டி வெறும் பெயரளவு வட்டி. அதிலிருந்து பணவீக்கத்தைக் கழித்தால் வருவதே உண்மை வட்டி, முடிவெடுக்க அதைப் பாருங்கள் என்பார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர் காலத்திலிருந்து சொல்லப்பட்டுவரும் பாடம். 2022 ஏப்ரலில் நம் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவிகிதம். 7 சதவிகிதத்துக்கு வீட்டுக்கடன் வைத்திருந்தவரின் உண்மை வட்டி அன்று பூஜ்யத்துக்கும் கீழே. கணக்குப்படி அவர் லாபத்தில் இருந்தார்.

கணக்கு சரி. ஆனால் தவணை கட்டுவது உண்மை வட்டியில் அல்ல. பணவீக்கம் 2, வட்டி 5 என்று ஓர் ஊர். பணவீக்கம் 7, வட்டி 10 என்று இன்னோர் ஊர். இரண்டிலும் உண்மை வட்டி 3 சதவிகிதம். 30 லட்சத்தை 20 ஆண்டுக்குக் கடன் வாங்கினால் முதல் ஊரில் மாதத் தவணை சுமார் 19,800 ரூபாய், இரண்டாவதில் சுமார் 28,950. இரண்டாவது ஊர்க்காரரின் சம்பளம் விலைவாசியோடு சேர்ந்து ஏறும், பத்தாண்டு கழித்து அந்தத் தவணை இலேசாகிவிடும், உண்மைதான். ஆனால் முதல் ஐந்தாறு ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அந்த ஐந்தாறு ஆண்டில்தான் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமும் பெற்றோருக்கு வைத்தியச் செலவும் வருகின்றன.

இதையே திருப்பிப் பாருங்கள். மாதம் 28,950 கட்டத் தெம்புள்ளவருக்கு 10 சதவிகிதத்தில் 30 லட்சம் கிடைக்கும். 5 சதவிகிதத்தில் 43 லட்சத்துக்கு மேல் கிடைக்கும். அவர் சம்பளம் ஒரு ரூபாய்கூட உயரவில்லை. வட்டி மலிவாக இருக்கும் காலத்தில் கடன் பெருப்பதும் மனை விலை ஏறுவதும் இந்த வழியில்தான். பிறகு வட்டி ஏறும்போது, பெருத்த கடன் பெருத்தபடியே நிற்கும்.

(நம் ஊரில் வட்டியின் பெயரளவு இன்னும் ஏமாற்றும். 10 சதவிகித ‘ஃப்ளாட்’ வட்டிக்கு மூன்று ஆண்டுக் கடன் வாங்கினால், குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிடும் முறையில் அது 18 சதவிகிதத்தைத் தொடும். அந்த வகையில் ‘ரெண்டு வட்டி’ என்று மாதக் கணக்கில் நேராகச் சொல்லிவிடும் ஊர்க்காரர் தேவலை. பன்னிரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.)

இப்போது 2020-ன் மத்தியில் 30 லட்சத்தை 7 சதவிகிதத்துக்கு, 20 ஆண்டுக்கு வாங்கியவரை எடுத்துக்கொள்வோம். தவணை 23,259 ரூபாய். இரண்டு ஆண்டில் ஐந்தரை லட்சத்துக்கு மேல் கட்டியும் அசலில் கழிந்தது ஒன்றரை லட்சம்கூட இல்லை; பாக்கி 28.52 லட்சம். வட்டி 9.5 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வட்டி மட்டும் 22,579. தவணையை மாற்றாவிட்டால் அசலுக்குப் போவது 680 ரூபாய். மீதியிருந்த 18 ஆண்டு 37 ஆண்டாகிவிடும். அவரே 2022-ல் வாங்கியிருந்தால் இன்னும் மோசம்: முழு 30 லட்சத்துக்கு மாத வட்டி 23,750. தவணை வட்டிக்கே போதாது, கடன் வளரத் தொடங்கும்.

வங்கிகள் பெரும்பாலும் செய்தது இதைத்தான். தவணையைத் தொடவில்லை, ஆண்டுகளை நீட்டின. பலருக்குச் சொல்லக்கூட இல்லை. வாடிக்கையாளர் கோபப்படவில்லை, கணக்கு வாராக்கடனாகவும் மாறவில்லை. புகார்கள் குவிந்த பிறகு 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்பதைக் கடன்காரரிடம் கேட்க வேண்டும். நிலையான வட்டிக்கு மாறவும் வாய்ப்புத் தர வேண்டும் என்று அப்போது சொன்னது. வட்டிக்கே போதாத தவணையில் கடனை ஓட விடக் கூடாது.

அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்த வட்டியேற்றம் வேறு ஆளை அடித்தது. அங்கே வீட்டுக்கடன் பெரும்பாலும் 30 ஆண்டுக்கு ஒரே வட்டி. 2021-ல் 3 சதவிகிதத்துக்கு வாங்கியவர் நிம்மதியாகத் தூங்கினார். மலிவு வட்டியில் நீண்டகாலப் பத்திரங்களை வாங்கிக் குவித்த வங்கிகளுக்குத்தான் தூக்கம் போயிற்று. வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச்சில் அப்படிப்பட்ட பத்திரங்களை விற்று 180 கோடி டாலர் நஷ்டத்தை அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை வாடிக்கையாளர்கள் எடுத்தார்கள். அதற்கு அடுத்த நாள் வங்கி மூடப்பட்டது. 1980-களிலும் இதே கதைதான். அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் பணவீக்கத்தை அடக்க வட்டியை 20 சதவிகிதம்வரை கொண்டுபோனபோது, பழைய குறைந்த வட்டியில் வீட்டுக்கடன் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த சேமிப்புச் சங்கங்கள் உள்ளுக்குள் நொடித்தன. பின்னர் ஆயிரத்துக்கும் மேல் மூடப்பட்டன.

நம் வங்கிகள் 2022-23-ல் அப்படி ஆடிப்போகவில்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். பெருமைப்படலாம். ஆனால் வட்டி ஏறும் ஆபத்து எங்கேயும் ஆவியாகிவிடவில்லை. வீட்டுக்கடன்காரர் தலைக்கு மாறியிருந்தது. நிதித்துறையின் நிலைத்தன்மையை அளக்கும்போது வங்கியின் வாராக்கடனைப் பார்க்கிறோம். 18 ஆண்டு 37 ஆனது அந்தக் கணக்கில் எங்கும் வராது.

2025-ல் ரெப்போ படிப்படியாக இறங்கி டிசம்பரில் 5.25-க்கு வந்தது. நம் உதாரணக்காரருக்கு மூன்று ஆண்டு 9.5 சதவிகிதம் ஓடி, இப்போது வட்டி 8.25 என்று கொண்டால் பாக்கி இன்னும் 28.24 லட்சம். அதே 23,259 கட்டினால் முடிய ஏறத்தாழ 22 ஆண்டு. முதலில் போட்ட கணக்கில் இந்நேரம் மீதி 15 ஆண்டுதான் இருந்திருக்க வேண்டும். அந்த 15-க்குள் முடிக்க மாதம் சுமார் 27,400 கட்ட வேண்டும். கூடுதலாக 4,100 ரூபாய். அதை வங்கி தானாகக் கேட்காது. தவணையை உயர்த்தித் தரும்படி கிளையில் எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர்தான்.