இரட்டைக் காளையும் ஏரிப் புகையும்

ஹார்ட் ராக் ரசிகர்களுக்குப் பாட்டில் மறைபொருள் தோண்டுவதில் தனி ருசி. டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டில் புகை என்று வருவதால், அது போதையைப் பற்றியது என்று நினைத்தவர்கள் உண்டு. உண்மையில் அது நடந்த சம்பவம். 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரச் சூதாட்ட விடுதியில் ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி நடந்தது. கூட்டத்தில் ஒருவர் சுட்ட ஒளிச்சுடர் கூரையில் பற்றி, கட்டடமே எரிந்தது. அங்கே ஆல்பம் பதிவுசெய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் குழுவினர், ஜெனீவா ஏரியின் மேல் புகை படர்ந்ததைப் பார்த்துவிட்டு நடந்ததை நடந்தபடியே பாட்டாக்கினார்கள். இப்படிப்பட்ட பாட்டுக்கு அன்றைய செய்திதான் அகராதி.

இதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அப்படியொரு பாட்டு கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தேவிகுளம் மலைக்கு ஏறியது. பாடியவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன், இளையராஜாவின் அண்ணன். 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளம் கேரளத்துக்குப் போனது. ஆனால் அங்கே தேயிலை பறித்தவர்களின் பேச்சு தமிழ். 1957இல் அங்கு வென்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸின் தேர்வு செல்லாமல் போக, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. கேரளத்தை ஆண்ட இ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் அரசுக்கோ சட்டமன்றப் பெரும்பான்மை மிகக் குறைவு, அதனால் ஒவ்வொரு இடமும் முக்கியம். எஸ்டேட் தமிழர்களிடம் பேச தமிழ்ப் பாட்டுக்காரர் தேவைப்பட்டார். காங்கிரசின் சின்னம் அப்போது நுகம் பூட்டிய இரட்டைக் காளை. பாவலர் அந்த மாடுகளையே கேலிக்கு இழுத்தார். ஓட்டுச்சீட்டில் அந்தச் சின்னத்தைப் பார்த்தறியாத இன்றைய இளைஞர் கேட்டால், ஏதோ மாட்டுக்காரன் பாட்டு என்றுதான் நினைப்பார்.

ஒரு பாட்டா தேர்தலை வெல்லும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரோசம்மா மறுபடி வென்றதற்குத் தோட்டத் தொழிற்சங்கத்தின் பல நாள் உழைப்பும் காரணம். வெற்றியைப் பாவலருக்கே சூட்டும் கதைகளில் அண்ணன் மீது தம்பிகளுக்குள்ள பாசமும் கலந்திருக்கலாம். ஆனால் எழுத்தறியாத ஆயிரக்கணக்கானோருக்குச் சின்னம்தான் கட்சி. அந்தச் சின்னத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவைப்பது சின்ன வேலையல்ல. பாவலரின் ஆர்மோனியப் பாட்டுக்கும் டீப் பர்ப்பிளின் மின்கிதாருக்கும் என்ன ஒட்டு என்பது இன்னொரு கேள்வி. ஓசையில் ஒட்டில்லை, அன்றைய செய்தியிலிருந்து பிறந்ததில்தான் ஒட்டு.

செய்தி பழசானால் பாட்டு செத்துவிடாதா என்பதுதான் இவற்றில் கனமான கேள்வி. மோந்த்ரோ தீயைப் பற்றி எதுவும் தெரியாத பையன்கள்கூடக் கிதார் வாங்கிய முதல் வாரத்தில் டீப் பர்ப்பிள் கிதார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரின் அந்தத் தொடக்க மெட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள். இசைத்தட்டு அதைக் காப்பாற்றியது. பாவலருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அவர் 1973இல் இறந்தார். அவர் மேடைகளில் பெண்குரலில் பாடிய தம்பி இளையராஜா, 1976இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைத்தபோது கிராமத்து மெட்டு சினிமாவை ஆண்டது. மெட்டு பிழைத்துக்கொண்டது, எந்த ஊரில், எந்தக் கூட்டத்தில், யாரைக் கேலி செய்து எந்தப் பாட்டு பிறந்தது என்ற விவரம்தான் நழுவிக்கொண்டிருக்கிறது. 1958இல் பதினைந்து வயதில் அவர் பாட்டைக் கேட்டவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியவர்கள். சுருளிப்பட்டி முதல் போடி வரை யார் வீட்டுத் திண்ணையிலாவது அப்படி ஒரு தாத்தாவோ அப்பத்தாவோ இருந்தால், பாட்டோடு அது பிறந்த கதையையும் செல்போனில் பதிந்து வையுங்கள்.