துளைக்கல்லும் பொரிகல்லும்

செம்மேட்டு டீக்கடையில் ஒரு பையன் என் முன்னால் கல் ஒன்றை நீட்டினான். செந்நிறம், கைக்கு அடக்கம், உடம்பெல்லாம் ஓட்டை.

"சார், இது லாவாதானே?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்காதான் அவனை என்னிடம் திருப்பிவிட்டிருந்தார். "வாத்தியாரு அங்க உக்காந்திருக்காரு, அவரையே கேளுங்க தம்பி."

முப்பது வருடம் கல்லூரியில் நிலவியல் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கொல்லிமலைக்கு வருவதை விடவில்லை. இந்தக் கேள்வியும் என்னை விடவில்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி ஏறி வருகிறவர்களுக்கு, சுவர்போல் நிற்கும் கரும்பாறையையும் மேலே விரியும் சமதளத்தையும் பார்த்ததும் இது அவிந்துபோன எரிமலை என்று தோன்றிவிடுகிறது. துளைக்கல் கையில் கிடைத்தால் கேட்கவே வேண்டாம்.

"இது நெருப்பு செய்த வேலையில்லை தம்பி, மழை செய்தது" என்றேன். லாவாவில் ஓட்டை விழுவது வாயு குமிழியிடுவதால். இங்கே நடந்தது வேறு. மழைநீர் காலங்காலமாகப் பாறைக்குள் இறங்கி, கரையக்கூடியதையெல்லாம் கரைத்துக் கொண்டுபோனது. கரையாத அலுமினியமும் இரும்பும் சல்லடைபோல் தங்கின. அதுதான் பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்து லாரி லாரியாகப் போனது இதே சரக்குதான்.

அடியில் இருக்கும் மூலப்பாறை சார்னோக்கைட். நம் ஊரில் கருங்கல் என்றே சொல்லிவிடுவோம். புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவினாற்போல் ஒரு கரும்பச்சை மினுக்கம் தெரியும். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். நம் ஊர்க் கல்லுக்குக் கும்பினிக்காரர் பெயர்! எனக்கு இன்றும் அதில் ஒரு சின்ன வருத்தம் உண்டு. கொல்லிமலைச் சார்னோக்கைட்டுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமியோட்டின் அடியாழத்தில், இருபது முப்பது கிலோமீட்டர் கீழே, வெந்து இறுகிய பாறை அது. மேலிருந்ததெல்லாம் தேய்ந்து போனதால் நம் கண்ணுக்கு வந்திருக்கிறது.

பையன் முகம் வாடிவிட்டது. எரிமலையைப் பறித்துக்கொண்டால் பதிலுக்கு ஒன்று கொடுக்க வேண்டாமா? திருப்பத்தூர் பக்கம் செவ்வாத்தூர் போய்ப் பார் என்றேன். அங்கே மலையாக எதுவும் நிற்காது.

குடியாத்தத்திலிருந்து பவானி வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பழைய பிளவுப் பட்டை ஓடுகிறது. செவ்வாத்தூர், சாமல்பட்டி, ஒகேனக்கல், பக்கநாடு எல்லாம் அந்த வரிசையில் வருகின்றன. பூமியின் ஓடு இழுபட்டு மெலிந்தால் விரிசல் விழும்; அடியிலிருந்து பாறைக்குழம்பு அதன் வழியே ஏறும். செவ்வாத்தூரில் அப்படி ஏறியது சுமார் 75, 80 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஏறியவற்றில் ஒன்று விசித்திரமான குழம்பு: கார்பனேட், கிட்டத்தட்ட உருகிய சுண்ணாம்பு. உறைந்த பிறகு பார்ப்பதற்குச் சலவைக்கல் போலிருக்கும். அமிலம் ஒரு சொட்டு விட்டால் கோலிசோடா திறந்தாற்போல் பொங்கும். ஆனால் கடலடிச் சுண்ணாம்பில் காணாத அளவுக்கு ஸ்ட்ரான்சியமும் அருமண் தனிமங்களும் அதில் உண்டு. எரிமலை வாயை அங்கே தேடக்கூடாது. மேல்பகுதி அத்தனையும் அரிபட்டுப் போயிற்று, மிஞ்சியது அடிவேர்.

வேருக்கு மேலே என்ன நடக்கும் என்பதைப் பார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். தான்சானியாவில், கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில், ஓல் டோய்ன்யோ லெங்காய் நிற்கிறது. மாசாய் மக்களுக்கு அது கடவுளின் மலை. இன்று கார்பனேட் குழம்பைக் கக்கும் எரிமலை உலகத்தில் அது ஒன்றுதான். சாதாரண எரிமலைக் குழம்பு 1,100 டிகிரியைத் தாண்டும். இது 500, 600 டிகிரிதான். கறுப்பாக, வண்டி ஆயில்போல் ஓடும். சலவைச் சோடாவின் உறவுக்காரச் சரக்கு என்பதால் காற்றின் ஈரம் பட்டுச் சீக்கிரமே வெளுத்துவிடும். 1966, 67இல் வெடித்தது. 1983 முதல் கொப்பரைக்குள்ளேயே அமைதியாக வழிந்துகொண்டிருந்தது. அடங்கிவிட்டது என்று நினைத்தால் 2007இல் மறுபடி வெடித்துச் சாம்பலை வாரி இறைத்தது.

"அது அங்க. செவ்வாத்தூர்ல பாக்க என்ன சார் இருக்கு?"

என் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். பிரித்தேன். பழுப்பு நிறத்தில், அப்பளம் நொறுங்கினாற்போல் அடுக்கடுக்கான சில்லு. செவ்வாத்தூர் வெர்மிகுலைட். சுண்ணாம்புக் குழம்புக்குப் பக்கத்துப் பாறையில் இருந்த அபிரகம் நீர் குடித்து மாறி உண்டானது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்கே இதைத் தோண்டி எடுக்கிறது. நர்சரிக்காரர்கள் நாற்றுத் தொட்டியில் போடுவதும் இதைத்தான்.

அக்காவிடம் கேட்டு, ஒரு சில்லை இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் காட்டினேன். அடுக்குகளுக்கு நடுவே ஒட்டியிருந்த நீர் ஆவியாகித் தள்ள, சில்லு நெளிந்து, நீண்டு, அட்டைப்பூச்சிபோல் எழும்பிப் பொன்னிறமானது.

பையன் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

"போதும் வாத்தியாரே, எடுங்க" என்றார் அக்கா. "பாலுக்குள்ள விழுந்துடப் போவுது."